டேப்லெட்டை விற்கும் முன்…

எங்க மாமா பட்டு நெசவு செய்கிறார். பார்டர் டிசைன்களை டேப்லெட்டில் போட்டோ எடுத்து வைப்பார். அதை விற்றபோது வை-ஃபையை மட்டும் ஆஃப் செய்து கொடுத்தேன். அதுதான் என் தப்பு! ஒரே வாரத்தில், யாரோ ஒரு குழந்தையின் படங்கள் மாமா போனில் வந்து விழுந்தன. கூகுள் கணக்கு அதிலேயே இருந்திருக்கிறது. அப்படின்னா, தறியை விட்டு இறங்காத புது டிசைனும் அவங்களுக்குத் தெரியும்தானே? மாமா திட்டவே இல்லை. அதுதான் கஷ்டமா இருந்தது.

ஃப்ளைட் மோட் போட்டாலும் சிக்னல்தான் நிற்கும், கணக்கு போகாது. முதலில் படங்களை வேறிடத்தில் காப்பி எடுங்க. புளூடூத் ஸ்பீக்கரை நீக்குங்க (புளூடூத் என்பது 10-ஆம் நூற்றாண்டு டென்மார்க் ராஜாவின் பட்டப்பெயராம்!). செட்டிங்ஸில் போய் கணக்கை நீக்கிய பிறகுதான் ஃபேக்டரி ரீசெட். ஏன்னா, 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல் ஒரு திருட்டுப் பூட்டு உண்டு. கணக்கை எடுக்காமல் பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்தால், பழைய பாஸ்வேர்டு கேட்கும். வாங்கியவர் பாவம்!

எங்களைப் போல விற்றுவிட்டீர்களா? போனில் கூகுள் கணக்கு, பாதுகாப்பு, ‘உங்கள் சாதனங்கள்’ என்று போய், அந்த டேப்லெட்டைத் தொட்டு ‘வெளியேறு’ கொடுங்க. அன்று ராத்திரியே செய்தோம், பாஸ்வேர்டையும் மாற்றினோம். மறுநாள் முதல் படம் வரவில்லை.