கருவாட்டுக்கு எத்தனை கவர்?



இனயம் போன்ற கடற்கரை ஊர்களில் முன்பு மீன் விற்கப் போகும் அக்காமார் தலையில் ஓலைக் கடவம்தான் இருக்கும். வாங்குகிறவர்கள் சட்டி கொண்டு வருவார்கள், இல்லாவிட்டால் தேக்கிலையில் பொதிந்து கொடுப்பார்கள். பாக்கெட் செலவே கிடையாது. இன்று நம் குழுக்கள் கருவாடு, மசாலா, ஊறுகாய் எல்லாம் பாக்கெட்டில் விற்கிறோம். பாக்கெட் வேணும்தான். ஆனால் எவ்வளவு?

கால் கிலோ கருவாட்டைக் கவரில் போட்டு, அதை அட்டைப் பெட்டியில் வைத்து, மேலே ஒரு காகிதப் பையும் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக கவர் 3 ரூபாய், பெட்டி 8, பை 3. மொத்தம் 14 ரூபாய். மாதம் 200 பாக்கெட்டுக்கு 2,800 ரூபாய். பெட்டியும் பையும் இல்லாமல் கவரில் 1 ரூபாய்க்கு லேபிள் மட்டும் ஒட்டினால் செலவு 800தான். மீதி 2,000 ரூபாய் ஒரு உறுப்பினரின் உள்கடனுக்கு ஆகுமே!

சரி, பெட்டி எதுக்கு வந்தது? முள்ளு கவரைக் குத்திக் கிழிச்சிடும்னு பயந்துதான். அப்படியானால் உப்பு போடும் முன்பே தலை, வால், செட்டையை நறுக்கிவிடலாம். மீனைத் தட்டையாக அடுக்கினால் சின்னக் கவரே போதும். வாங்குகிறவருக்கும் அடுக்களையில் வேலை குறைவு. எடை குறையும், அதை விலையில் சேர்க்க மறந்துடாதீங்க. நறுக்கிய கழிவு தென்னைக்கு உரம்.

இன்னொன்று. சரியாகக் காயாத கருவாட்டை எத்தனை கவரில் போட்டாலும் பூசணம் பிடிக்கும். வெயில் சூட்டோடு போட்டாலும் உள்ளே வேர்க்கும். ஆற வைத்துப் போடுங்கள். செய்தித்தாளில் பொதிய வேண்டாம், அச்சு மை உணவில் ஒட்டும்.

பளபளக்கும் வெள்ளிக் கவரைப் பார்த்து ஆசைப்படுகிறோம். அது பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒன்றாக ஒட்டியது. பிரிப்பது கஷ்டம் என்பதால் பழைய சாமான் கடைக்காரர் எடுக்க மாட்டார். ஷாம்பு பாக்கெட்டைப் பிரபலமாக்கியவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். சில்லறைக் காசுக்கு ஏழைக்கும் ஷாம்பு கிடைத்தது நல்லதுதான், ஆனால் காலிப் பாக்கெட்டை யார் பொறுக்குவது? ஓடை வழியாகக் கடலுக்குப் போய் நம்ம ஆளுக வலையில்தான் திரும்பி வருது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை, தடிமன் எதுவானாலும் சரி. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது. அதனால் "பை கொண்டு வாங்க" என்று சொல்ல நாம் கூச்சப்பட வேண்டாம்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு உங்கள் பொருளின் காலிப் பாக்கெட் ஒன்றை எடுத்து வாருங்கள். ஒவ்வொரு உறையாகக் கழற்றி, எதை நீக்கினால் பொருள் கெடாது என்று பேசி, அதன் விலையையும் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.