மருத்துவ உதவியாளர் சான்றிதழ்: எந்தப் படிப்பு, யாருடைய அங்கீகாரம்?

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்துத் தேறிய ஒரு மாணவி, சான்றிதழ் பெற்ற மருத்துவ உதவியாளராக வேலைக்குச் செல்ல விரும்பினால் எதில் சேர வேண்டும்? ஆறு மாதப் பயிற்சி முடித்தால் வேலை உறுதி என்று வரும் விளம்பரங்களை நம்பலாமா?
— வாசகர், கவரப்பேட்டை

பதில்: ‘மருத்துவ உதவியாளர்’ என்று பொதுவாக விளம்பரம் செய்யப்படுபவை, பொறுப்பாலும் படிப்புக் காலத்தாலும் வேறுபட்ட மூன்று பணிகளாகும். சேர்க்கைக் கட்டணம் கட்டுவதற்கு முன்னரே, தம் முன் வைக்கப்படும் படிப்பு இவற்றுள் எதைச் சேர்ந்தது என்பதை மாணவியும் பெற்றோரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்’ எனப்படும் பொதுப்பணி உதவியாளர் பணி. படுக்கையிலிருக்கும் நோயாளியைத் துடைத்துவிடுதல், படுக்கைப்புண் வராதபடி சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல், உணவூட்டுதல், வெளியேறும் சிறுநீரின் அளவைக் குறித்துவைத்தல் ஆகியவை இவருடைய பொறுப்புகள். சில மாதங்களில் முடியும் இப்பயிற்சிக்கு மத்திய அரசின் திறன் மேம்பாட்டு அமைப்பின்கீழ் இயங்கும் சுகாதாரத் துறைத் திறன் மன்றம் பாடத்திட்டம் வகுத்துள்ளது. இது மதிப்புக் குறைந்த வேலை அன்று. வார்டில் நோயாளியின் அருகில் மிகுதியான நேரம் இருப்பவர் இவரே. ஆயினும் மருந்தைத் தீர்மானிக்கவோ தாமாக ஊசி போடவோ இச்சான்றிதழ் உரிமை தருவதில்லை. மருத்துவர் எழுதிய ஊசியைச் செலுத்துவது செவிலியரின் பணி. அவர் 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு பெற்றவராக இருத்தல் வேண்டும். பயிற்சி முடித்த மறுநாளே ஊசி போடப் பணிக்கும் கிளினிக்குகளில் வேலைக்குச் சேரும் பெண்கள், ஏதேனும் தவறு நேர்ந்தால் சட்டத்தின் பாதுகாப்பின்றி நிற்க நேரிடும் என்பது மிகுந்த கவலைக்குரியது.

இரண்டாவது, ஆய்வகம், கதிரியக்கம், அறுவை அரங்கு, மயக்கவியல் போன்ற பிரிவுகளில் கருவிகளைக் கையாளும் டெக்னீஷியன் பணி. மூன்றாவது, ‘பிசிஷியன் அசிஸ்டென்ட்’ என்னும் பட்டப்படிப்பு; பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நான்கு ஆண்டுகள் நீளும் இப்படிப்பை முடித்தவர், மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளியின் நோய் வரலாற்றைக் கேட்டுப் பதிவுசெய்தல், உடலைப் பரிசோதித்தல், அறுவைக்கு முன்னும் பின்னும் கண்காணித்தல் ஆகியவற்றைச் செய்கிறார். இந்தியாவில் இப்படிப்பு தோன்றியது சென்னையில்தான். இதய அறுவை நிபுணர் கே. எம். செரியன், மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் மருத்துவமனையில் 1992இல் இதைத் தொடங்கினார். இன்று தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இதைப் பட்டமாக வழங்குகிறது. பிளஸ் 2வில் உயிரியல் படித்தவருக்கு, குடும்பச் சூழல் இடங்கொடுக்குமானால், பின்னிரண்டு வழிகளில் ஒன்றே பொருத்தமானது. துணை மருத்துவப் படிப்புகளுக்கான அரசுக் கலந்தாய்வை நடத்தும் தேர்வுக்குழுவின் அறிவிப்பை, பொதுத்தேர்வு முடிவு வெளிவந்த நாளிலிருந்தே கவனித்துவருதல் நல்லது. திருவள்ளூரில் 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியையும் சேர்த்து, எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு, எத்தனை இடங்கள் என்ற விவரம் அக்குழுவின் தகவல் தொகுப்பேட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

ஆறு மாத விளம்பரங்களை எடைபோடுவதற்குச் சட்டமே ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறது. 2021ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய தேசிய இணை மற்றும் சுகாதாரப் பராமரிப்புப் பணிகள் ஆணையச் சட்டம், அதுவரை ஒரே கூரையின்கீழ் வராதிருந்த இப்பணிகளைப் பத்துப் பிரிவுகளாக வகைப்படுத்தியது. டெக்னீஷியன் போன்ற இணைநிலைப் பணியாளருக்கான படிப்பு இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரமும், சுகாதாரப் பராமரிப்பு வல்லுநர் என்ற மேல்நிலைக்குரிய பட்டப்படிப்பு மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணி நேரமும் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. மாதம் 25 நாள், நாளொன்றுக்கு 6 மணி நேரம் என்று விடுப்பின்றி வகுப்பு நடந்தாலும் ஆறு மாதத்தில் 900 மணி நேரமே கிட்டும்; இது சட்டம் கேட்பதில் பாதிகூட இல்லை. எனவே ஆறு மாதத்தில் பொதுப்பணி உதவியாளரை உருவாக்கலாம். டெக்னீஷியனை உருவாக்க இயலாது. அவ்வாறு உருவாக்குவதாகச் சொல்லும் நிறுவனத்திடமிருந்து விலகி நிற்பதே சரி.

மணிக்கணக்கைவிடவும் முக்கியமானது, அந்த மணி நேரங்கள் எங்கே கழிகின்றன என்பது. வகுப்பறைப் பொம்மையில் மட்டும் பழகியவருக்கும் வார்டில் பழகியவருக்கும் உள்ள வேறுபாடு, இரத்த அழுத்தம் பார்த்தல் போன்ற மிக எளிய செயலிலேயே வெளிப்படும். நோயாளி நாற்காலியில் முதுகு சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருக்க வேண்டும். முந்தைய அரைமணி நேரத்தில் தேநீரோ பீடியோ கூடாது. கை இதயத்தின் உயரத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் தேவையற்ற மாத்திரை ஒருவரின் ஆயுள் முழுவதும் தொடரக்கூடும். ஆகவே, பயிற்சி தரும் மருத்துவமனையின் பெயர், அதன் படுக்கை எண்ணிக்கை, மாணவர் அங்கே செலவிடும் நாள்கள் ஆகிய மூன்றையும் எழுத்து வடிவில் தர மறுக்கும் நிறுவனத்தில் சேராதிருப்பது நல்லது.

கேள்வி: அமெரிக்காவின் ‘சர்டிஃபைடு மெடிக்கல் அசிஸ்டென்ட்’ சான்றிதழை இங்கிருந்தே பெறலாமா?
— வாசகர், பொன்னேரி

பதில்: அச்சான்றிதழ் அமெரிக்க மருத்துவ உதவியாளர் சங்கம் 1963 முதல் வழங்கிவருவது, அந்நாட்டின் அங்கீகார அமைப்புகள் ஏற்ற பயிற்சித் திட்டத்தில் படித்தவர்களை முதன்மையாகக் கருத்தில் கொண்டது, 60 மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது. இந்திய மருத்துவமனைகளில் இதற்கெனத் தனிப் பணியிடம் இல்லை. அமெரிக்காவில் குடியேறப் போகிறவருக்கன்றி மற்றவருக்கு இதற்காகச் செலவிடும் பணம் வீண்.

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் மருத்துவ உதவியாளருக்கு வேலைவாய்ப்பு உண்டா? என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?
— வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: உண்டு; இவ்வாய்ப்பு மருத்துவமனை வேலையைப் போலப் பரவலாக அறியப்படவில்லை என்பதே குறை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தன் 45ஆம் பிரிவில், 150 தொழிலாளருக்கு ஒன்று வீதம் முதலுதவிப் பெட்டி வைக்கவும், அரசு ஏற்ற முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் ஒவ்வொரு பெட்டிக்கும் பொறுப்பேற்று வேலை நேரம் முழுவதும் உடனிருக்கவும், 500 பேருக்கு மேல் வேலை செய்யுமிடத்தில் மருத்துவ, செவிலியப் பணியாளருடன் கூடிய ஆம்புலன்ஸ் அறை அமைக்கவும் நெறி வகுத்தது. ஆம்புலன்ஸ் அறை என்பது வண்டி நிற்குமிடம் அன்று. காயமுற்றவருக்கு முதல் சிகிச்சை அளித்து மருத்துவமனைக்கு அனுப்பும்வரை கவனித்துக்கொள்ளும், தொழிற்சாலைக்குள்ளேயே அமைந்த சிறு சிகிச்சைக்கூடம்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கு ஆலைகளும் வார்ப்படப் பட்டறைகளும் இரசாயன ஆலைகளும் அருகருகே இயங்குவதால், இங்கு வேலைக்கு வருபவர் தீக்காயத்தையும் இரசாயனக் காயத்தையும் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். தீக்காயத்தின்மேல் மையும் பற்பசையும் தடவும் வழக்கம் தொழிலாளரிடையே இன்னும் உள்ளது. அதைத் தடுத்து, ஓடும் குழாய்நீரில் 20 நிமிடம் காயத்தைக் குளிரவைத்து, வீக்கம் ஏறுமுன் மோதிரத்தையும் கயிற்றையும் கழற்றி, தூய துணியால் மூடுவதே முதற்பணி. கண்ணில் அமிலமோ காரமோ தெறித்தால், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் அவசரத்தில் கழுவாமல் அனுப்புவது பார்வையையே பறித்துவிடும். இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் நீரால் அலசிய பின்னரே வண்டியேற்ற வேண்டும். தொழிலாளருள் பலர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலத்தவர் ஆகையால், எங்கே வலிக்கிறது, மூச்சு முட்டுகிறதா, எப்போது சாப்பிட்டீர் என்று கேட்கும் அளவுக்கேனும் இந்தி தெரிந்திருத்தல் பெருந்துணையாகும்.

இரத்தத்தைத் தொட நேரும் வேலை என்பதால் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்ற இடைவெளியில் மூன்று தவணையாகப் போட்டுக்கொள்வதும், பயன்படுத்திய ஊசியைத் திரும்ப மூடாமல் குத்தித் துளைக்க முடியாத வெள்ளை நிறக் கலத்தில் இடுவதும் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் முறைகள். ஒவ்வொரு இரசாயனத்துக்கும் தயாரிப்பாளர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாளில் அதன் தன்மையும் அது உடலில் பட்டால் செய்ய வேண்டிய சிகிச்சையும் குறிக்கப்பட்டிருக்கும். அதன் படி ஒன்றை ஆம்புலன்ஸ் அறையில் தயாராக வைத்திருந்து, விபத்து நேர்ந்த மணியையும் அளித்த சிகிச்சையையும் அதன்மேல் எழுதி நோயாளியுடனேயே அனுப்பினால், திருவள்ளூரிலோ சென்னையிலோ காத்திருக்கும் மருத்துவர் எந்த இரசாயனம் என்று விசாரித்து நேரத்தை இழக்க வேண்டியிராது.