கணினி கண்டுகொள்ளாத ஹார்ட் டிஸ்க்: எந்த வழி யாருக்கு?

வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கைச் செருகுகிறோம். விளக்கு எரிகிறது, கணினியில் ஒன்றும் வரவில்லை. இணையத்தில் தேடினால் கேபிளை மாற்று, டிரைவரை அழி, ஃபார்மட் செய், கழற்றிப் பார் என்று இருபது வழிகள் கிடைக்கும். அவற்றில் பாதி டிஸ்க்கைக் காப்பாற்றும் வழிகள், பாதி அதற்குள் இருப்பதைக் காப்பாற்றும் வழிகள். இரண்டும் ஒன்றல்ல, பல நேரம் ஒன்றுக்கொன்று எதிரானவை. உள்ளே இருப்பது வேறெங்காவது பத்திரமாக இருக்கிறது என்றால் யோசிக்க ஏதுமில்லை, ஃபார்மட் செய்துவிட்டு வேலையைப் பாருங்கள். கல்யாணப் படங்களோ ஆய்வேடோ அதில் மட்டும்தான் இருக்கிறது என்றால், ஒவ்வொரு வழியிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது டிஸ்க்கில் எதையாவது எழுதுமா?

அதற்கும் முன் காது கொடுத்துக் கேளுங்கள். சீரான சுழற்சி ஓசை நல்ல அறிகுறி. ‘டிக், டிக்’ என்று விட்டு விட்டுத் தட்டும் ஓசை வந்தால், அல்லது டிஸ்க் கீழே விழுந்த பிறகுதான் இந்தத் தொல்லை தொடங்கியது என்றால், உடனே பிடுங்கிவிடுங்கள். படிக்கும் முனை, உள்ளே சுழலும் தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதப்பது. அது பழுதாகித் தட்டை உரசினால், ஓடும் ஒவ்வொரு நிமிடமும் இழப்புதான். அப்படிப்பட்ட டிஸ்க்குக்கு இனி நான் சொல்லப்போகும் வீட்டு வைத்தியம் எதுவும் பொருந்தாது. நேரே மீட்பு ஆய்வகத்துப் பத்திக்குப் போய்விடலாம். மெல்லிய ‘பீப்’ ஓசையை மட்டும் வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. முனை தட்டில் ஒட்டிக்கொண்டாலும் வரும், மின்சாரம் போதாவிட்டாலும் வரும்.

ஆகவே அடுத்தது மின்சாரமும் கேபிளும். இதைச் சில்லறை வேலை என்று தாண்டிப் போகாதீர்கள். பல டிஸ்க்குகள் இந்த இடத்திலேயே பிழைத்துக்கொள்கின்றன. பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் தரக்கூடியது 500 மில்லியாம்பியர், 3.0 போர்ட் தருவது 900. கையடக்கமான இரண்டரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அதிக மின்சாரம் இழுக்கும். மேசைக் கணினியின் முன்பக்கப் போர்ட்டிலும், பல பொருள்கள் தொங்கும் ஹப்பிலும் அது திணறும். பின்பக்கப் போர்ட்டில் நேராகச் செருகுங்கள். டிஸ்க்கின் பக்கம் இருக்கும் அந்த அகலமான, தட்டையான முனை எளிதில் தளர்ந்துவிடும்; வேறு கேபிள் ஒன்று வாங்கிப் பார்ப்பதுதான் இருக்கும் வழிகளிலேயே மலிவானது. மூன்றரை அங்குலப் பெரிய டிஸ்க்குக்குத் தனி 12 வோல்ட் அடாப்டர் வேண்டும். முனை பொருந்துகிறதே என்று லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகினால் மின்சுற்றுப் பலகை கருகிவிடும். வேறொரு கணினியில் செருகிச் சோதிப்பது நல்லது. டிவியில் மட்டும் வேண்டாம்; ரெக்கார்டிங்குக்காக ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும் டிவிகள் உண்டு, ரிமோட்டில் ஒரு தவறான அழுத்தம் போதும்.

ஓசை சரி, கேபிள் சரி, ஆனாலும் திரையில் காணவில்லை என்றால், விண்டோஸில் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ பகுதியைத் திறங்கள். விண்டோஸ் விசையோடு எக்ஸ் விசையை அழுத்தினால் வரும் பட்டியலில் அது இருக்கும். முடிவெடுக்க வேண்டிய இடம் அதுதான். டிஸ்க் முழு அளவில் தெரிகிறது, டிரைவ் எழுத்து மட்டும் இல்லை என்றால் ஓர் எழுத்தைக் கொடுங்கள். ‘ஆஃப்லைன்’ என்றிருந்தால் ஆன்லைன் ஆக்குங்கள். இவை கோப்புகளைத் தொடாதவை. ‘ரா’ (கோப்பு அமைப்பு புரியவில்லை) என்று காட்டினாலும், ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்று விண்டோஸ் அடம்பிடித்தாலும், ‘கேன்சல்’ அழுத்துங்கள். முதலில் வீட்டில் விசாரியுங்கள், யாராவது இதை மேக் கணினியில் பயன்படுத்தினார்களா என்று. மேக்கின் ஏபிஎஃப்எஸ் அமைப்பை விண்டோஸால் படிக்க முடியாது. நலமாக இருக்கும் டிஸ்க்கையே பழுது என்று சொல்லும். ‘இனிஷியலைஸ்’ செய்யச் சொல்லும் பெட்டி வந்தாலும் தரவு வேண்டும் என்பவர் சம்மதிக்கக் கூடாது. 1 டெராபைட் டிஸ்க் பூஜ்யம் என்றோ சம்பந்தமில்லாத அளவிலோ தெரிந்தால் கோளாறு வன்பொருளில் இருக்கிறது, மென்பொருளால் தீராது.

‘ரா’ நிலைக்குப் பலரும் முதலில் பரிந்துரைப்பது ‘செக்டிஸ்க்’. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதன் கவலை கோப்பு அமைப்பு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது. உங்கள் கோப்புகள் அல்ல. பொருந்தாதவற்றை வெட்டி, பெயரில்லாத துண்டுகளாக்கி ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லிவிடும். அதை ஓட்டாமல், முதலில் ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். பழுதான இடங்களைக் கணக்கிடும் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளின் மூல மதிப்பும் பூஜ்யமாக இருந்தால் ‘டெஸ்ட்டிஸ்க்’ நல்ல தேர்வு: இலவசம், தொலைந்த பகுதியைக் கண்டுபிடித்து உள்ளே இருப்பதை வேறு டிஸ்க்குக்கு நகலெடுக்க விடும். அதுவும் முடியாதபோது அதன் துணையான ‘ஃபோட்டோரெக்’ இருக்கிறது; கோப்புகளை மீட்கும், பெயர்களையும் ஃபோல்டர்களையும் மீட்காது. சி5 ஏறியிருந்தால் இரண்டுமே இரண்டாம் கட்டம். முதலில் லினக்ஸின் ‘டிடிரெஸ்க்யூ’ கொண்டு டிஸ்க் முழுவதையும் ஒரு பிம்பமாக எடுத்துக்கொண்டு, மீட்பு வேலையை அந்தப் பிம்பத்தில் செய்ய வேண்டும். லினக்ஸ் பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரைக் கூப்பிடுவது மேல். அதில் மூல டிஸ்க்கையும் இலக்கு டிஸ்க்கையும் இடம் மாற்றிக் கொடுத்தால் எல்லாம் போய்விடும்.

அவசரத்தில் ஏற்கெனவே ஃபார்மட் செய்துவிட்டீர்களா? ‘குயிக்’ என்றால் அட்டவணைதான் புதிதாகியிருக்கும், தரவு பெரும்பாலும் கிடக்கும். முழு ஃபார்மட் வேறு கதை: விஸ்டாவுக்குப் பிந்தைய விண்டோஸ் அதில் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதிவிடும். எஸ்எஸ்டி வகையில் ‘ட்ரிம்’ வேலை செய்திருந்தால் குயிக் ஃபார்மட்டுக்குப் பிறகும் நம்பிக்கை குறைவு.

பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றி, உள்ளிருக்கும் டிஸ்க்கை நேரடியாகக் கணினியில் பொருத்தும் வழி ஒன்று உண்டு. கூட்டின் சிறு இணைப்புப் பலகை மட்டும் செத்திருந்தால், பழைய பெரிய டிஸ்க்குகள் பலவற்றில் இது நன்றாகவே பலிக்கும். சிறிய டிஸ்க்குகளை நம்பிக் கழற்றாதீர்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் வகையில் பலவற்றில் யுஎஸ்பி முனை டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். தரவும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். இங்கே நான் சொல்வது கூட்டை மட்டும். உலோக மூடியைத் திறப்பது தூசி வடிகட்டிய அறையில் மட்டுமே செய்ய வேண்டிய வேலை. ஃப்ரீசரில் வைத்தால் ஓடும் என்பதையும் மறந்துவிடுங்கள். தட்டின் மேல் ஈரம் படியும்.

இனி வெளியே கொடுப்பது. சென்னை ரிச்சி தெருவில் கேபிள், கூடு, அடாப்டர் வாங்கலாம், இணைப்புப் பலகையைச் சோதிக்கலாம். அதற்கு அங்கே திறமைசாலிகள் உண்டு. ‘அதே மாடல் போர்டு இருக்கு, மாத்திடலாம்’ என்று யாராவது சொன்னால், பழைய பலகையின் சிறிய ‘ரோம்’ சில்லையும் மாற்றிப் பொருத்துவீர்களா என்று கேளுங்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய தனி அளவீடுகள் அதில் இருக்கின்றன. புரியாமல் விழித்தால் டிஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். தட்டும் ஓசை வரும் டிஸ்க்குக்கு ஆய்வகம்தான் ஒரே இடம். செலவு ஆயிரங்களில் தொடங்கி பத்தாயிரங்களுக்கு ஏறும். தரவு கிடைக்காவிட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், திறந்து பார்க்கத் தனிக் கட்டணமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

வாரண்டி இருக்கிறதே என்று நிம்மதி அடைபவர்களுக்கு ஒரு தகவல்: வாரண்டி தருவது வேறொரு டிஸ்க்கை, உங்கள் படங்களை அல்ல. பழைய டிஸ்க்கை அனுப்பிவிட்டால் அது திரும்பி வராது. சீகேட்டின் சில மாடல்களோடு ‘ரெஸ்க்யூ’ என்ற மீட்புச் சேவை சேர்ந்தே வருகிறது. கடைக்குப் போகும் முன் அது உங்களுக்கு உண்டா என்று பாருங்கள்.

மீட்டெடுத்ததை அதே டிஸ்க்கில் சேமிக்காதீர்கள். சி5 ஏறிய டிஸ்க்கை, ஃபார்மட்டுக்குப் பின் நன்றாக ஓடினாலும், சினிமா போட்டு வைக்கக்கூட நான் சிபாரிசு செய்யமாட்டேன்.