மேல் மினுக்கும் அடி ஈரமும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோருக்கு ஒரு பாடம்

அரிசி வாங்கும் வியாபாரி மூட்டையின் வாயிலுள்ள அரிசியை மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை. குத்தூசியை அடிவரை செலுத்தி, உள்ளிருந்து வரும் மணிகளைக் கையில் கொட்டி, மூக்கில் வைத்து, பல்லில் கடித்துப் பார்த்த பிறகே வாய் திறக்கிறார். மசாலாச் சரக்காயினும் துணிச் சரக்காயினும் இதே வழக்கம்தான். ஆனால் அதே வியாபாரி பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் முன்னால் போய் நின்றதும் தம் குத்தூசியைக் கடையிலேயே மறந்துவிடுகிறார். சிவப்பு வர்ணத்தின் மினுக்கும், எஞ்சினின் உறுமலும், உடன் வந்த மகனின் ஆசை முகமும் சேர்ந்து கண்ணை மறைத்துவிடுகின்றன.

கிள்ளானில் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர், நோன்புப் பெருநாள் சரக்கெடுக்க ஒதுக்கியிருந்த பணத்தில் மகனுக்கு இப்படி ஒரு கார் வாங்கினார். நான்கே மாதத்தில் அது நடுச்சாலையில் நின்றது. பட்டறையில் தரைவிரிப்பைத் தூக்கியபோது அடியில் உலர்ந்த சேறு இருந்தது. போனது பணம் மட்டுமன்று. அவ்வாண்டுப் பெருநாள் வியாபாரமும் போயிற்று. அவருக்கு நேர்ந்தது மற்றவர்க்கு நேராதிருக்கவே இப்பாடத்தை எழுத முற்பட்டோம்.

ஸ்போர்ட்ஸ் காரைச் சாதாரணக் காரைவிட அதிகமாகச் சோதிக்க வேண்டியதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, வேகத்திற்கென்றே வாங்கப்படுவதால் முந்திய சொந்தக்காரர் அதை மிருதுவாக ஓட்டியிருப்பார் என்று நம்ப இடமில்லை. இரண்டு, அதன் அடித்தட்டு தரையை ஒட்டியிருப்பதால், மற்றக் காரின் சக்கரத்தை மட்டும் நனைக்கும் வெள்ளம் இதன் உள்ளேயே புகுந்துவிடும். மூன்று, இளைஞர் பலர் இதன் எஞ்சினையும் புகைக்குழாயையும் ஸ்பிரிங்குகளையும் தம் விருப்பப்படி மாற்றியிருப்பர்.

முதற் சோதனை: ஈரம்

2021 டிசம்பர் 18-ஆம் தேதி பெய்த பெருமழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவும் கிள்ளான் பள்ளத்தாக்கின் வேறு பல பகுதிகளும் மூழ்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். அவ்வாண்டு இறுதியிலும் 2022 தொடக்கத்திலும் நாடெங்கும் ஏற்பட்ட வெள்ள நஷ்டம் 610 கோடி வெள்ளி என்றும், அதில் வாகன நஷ்டம் மட்டும் 100 கோடி வெள்ளி என்றும் புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது. நனைந்த கார்கள் எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விடுவதில்லை. கழுவித் துடைத்து, வாசனை தெளித்து, விற்பனைக்கு வருவனவும் உண்டு.

ஆகவே முதலில் மூக்கை உபயோகியுங்கள். வாசனைத் திரவியம் மிகுதியாக வீசினால் எதை மறைக்கிறார்கள் என்று கேளுங்கள். தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கி அடியிலுள்ள பஞ்சைத் தொட்டுப் பாருங்கள். ஆசன வாரை முழுவதும் வெளியே இழுங்கள்; கடைசி முழத்தில் சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற கார். ஆசனத்தைத் தாங்கும் ஆணிகளிலும், உபரிச் சக்கரம் வைக்கும் குழியிலும் துரு இருக்கிறதா, முன்விளக்குக் கண்ணாடிக்குள் நீர் கோத்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். மின்கம்பி இணைப்புகளில் பச்சை பூத்திருந்தால் விலகிவிடுவதே நலம். விபத்தில் உயிர் காக்கும் காற்றுப்பையும் அக்கம்பிகளை நம்பியே இருக்கிறது.

துணிக்கூரைக் கார்களில் வெள்ளமின்றியும் ஈரம் சேரும். 1989-இல் வெளிவந்து உலகெங்கும் விற்பனையான மாஸ்டா எம்.எக்ஸ்.-5 காரில் கூரை நீர் வடிவதற்கெனச் சிறு துளைகள் உண்டு. அவை அடைபட்டால் நீர் உள்ளே இறங்கி, கதவுக்குக் கீழுள்ள இரும்பை உள்ளிருந்தே அரித்துவிடும். அவ்விடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள்.

இரண்டாம் சோதனை: ஒட்டு

விபத்தில் நொறுங்கிய இரு கார்களின் நல்ல பாதிகளை வெட்டி ஒன்றாகப் பற்றவைப்போரும் உளர். ஓட்டத்தில் வித்தியாசம் தெரியாது. மோதலின்போது ஒட்டிய இடத்தில் பிளக்கும். இதில் போவது பணமன்று, பிள்ளையின் உயிர்.

வெயிலில் நிறுத்திப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். வர்ணம் ஒரு பாகத்தில் ஒருவிதமாகவும் மற்றதில் வேறுவிதமாகவும் தெரிந்தால் பின்னர் பூசப்பட்டது. கதவு, எஞ்சின் மூடி ஆகியவற்றின் இடைவெளிகள் இருபுறமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மூடியைப் பிணைக்கும் ஆணித் தலைகளில் வர்ணம் உரிந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது. கதவு ரப்பரைச் சற்று விலக்கியும், பின்பெட்டி விரிப்பைத் தூக்கியும் பற்றவைத்த தழும்பைத் தேடுங்கள். மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் மக்கு பூசிய இடத்தில் பிடிக்காது. ஆனால் எம்.எக்ஸ்.-5 காரின் எஞ்சின் மூடி அலுமினியமாதலால் அங்கு எப்படியும் பிடிக்காது; அதைக் கண்டு மிரள வேண்டாம்.

வேஷம் போட்ட கார் மற்றொரு வகை. 1998-இல் வெளிவந்த புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ. நம் நாட்டு இளைஞரின் கனவாக இருந்தது. இன்றும் அதற்கு நல்ல விலை உண்டு. அதனாலேயே சாதாரண சத்ரியாவுக்கு ஜி.டி.ஐ. உடுப்பும், ஹாஃப்-கட் கடையில் வாங்கிய எஞ்சினும் மாட்டி வைத்திருப்பதைக் காணலாம். அசல் ஜி.டி.ஐ. எஞ்சின் 4ஜி93 வகை, 1834 சி.சி. கொள்ளளவு உடையது. காரின் உரிமைப் பத்திரத்தில் அவ்வளவு உள்ளதா என்று பாருங்கள். முத்திரைப் பெயர் பேசும். பத்திரம் சாட்சி சொல்லும்.

மூன்றாம் சோதனை: எஞ்சின்

நாம் வருமுன் எஞ்சினைச் சூடேற்ற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் மூடியில் கை வையுங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த எஞ்சினின் குறையை மறைக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். முதல் கிளப்பலில் நீலப் புகை நீடித்தால் எண்ணெய் எரிகிறது. அடர்ந்த வெண்புகை ஓயாமல் வந்தால் குளிர்நீர் உள்ளே கசிகிறது. கரும்புகை வந்தால் பெட்ரோல் அளவுக்கு மீறிச் செல்கிறது. எண்ணெய் மூடியின் அடியில் பால் கலந்தாற்போல் இருந்தால் மெக்கானிக்கின் யோசனையின்றி மேலே பேச வேண்டாம். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினாயின் அதை மாற்றிய ரசீதைக் கேளுங்கள். சத்ரியா ஜி.டி.ஐ. எஞ்சினில் அது அறுந்தால் வால்வுகள் வளைந்து பெருஞ்செலவு வைக்கும்.

நான்காம் சோதனை: ஓட்டம்

சாலை வரியும் இன்ஷூரன்சும் நடப்பில் உள்ளனவா என்று பார்த்த பின்னரே வண்டியை எடுங்கள். ஒரு மேடும், ஒரு நேர்ச்சாலையும், குண்டு குழியுள்ள ஒரு தெருவும் போதும். மேட்டில் நான்காம் கியரில் மிதிக்கும்போது, எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் ஏறி வேகம் ஏறாவிடில் கிளட்ச் தேய்ந்தது. இரண்டாம் கியர் உறுமிக்கொண்டு விழுந்தால் முரட்டுக் கையில் இருந்த கார். நேர்ச்சாலையில் ஒரு பக்கம் இழுத்தாலும், பிரேக்கில் துடித்தாலும் காரணம் கேளுங்கள்.

இறங்கியதும் டயரைப் பாருங்கள். அதன் ஓரத்தில் நான்கு இலக்க எண் உண்டு. 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்யப்பட்டது என்று பொருள். கிலோமீட்டர் குறைவாகக் காட்டி, மிதிக்கட்டை ரப்பரும் ஆசன ஓரமும் தேய்ந்திருந்தால், ரப்பரை நம்புங்கள்; எண்ணை நம்பாதீர்கள்.

ஐந்தாம் சோதனை: பத்திரம்

சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் உரிமைப் பத்திரத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். வங்கிக் கடன் பாக்கியும், தீராத சம்மனும் உண்டா என்று விசாரியுங்கள். பெயர் மாற்றத்திற்காக நடக்கும் பரிசோதனையில் தேறியது என்பதால் மட்டும் கார் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். கிளட்ச் எத்தனை நாள் தாங்கும் என்று அது சொல்லாது. நமக்கு வேண்டிய, விற்பவருக்கு வேண்டாத, ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போய்க் காரைத் தூக்கி அடிப்பக்கம் பார்ப்பதே மேல். அதற்குக் கொடுக்கும் கூலி வீண் செலவன்று.

நமது 1957-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி, வாங்குபவர் சரக்கைச் சோதித்திருந்தால், அச்சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்றவர்மேல் பழி போட இயலாது. அரைகுறையாகப் பார்ப்பது பாராததற்குச் சமமே. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றம் 50,000 வெள்ளி வரையிலான வழக்கை விசாரிக்கும். ஆனால் வியாபாரியல்லாத தனியாளிடம் வாங்கியவருக்கு அந்த வாசல் திறவாது.

கடைசியாக ஒரு சொல். இன்று வாங்கும் நாம் நாளை விற்போம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, விரல் நனையக் கண்டு, மழையில் நனைந்ததை மக்கள் காணும்படி ஏன் மேலே வைக்கவில்லை என்று வினவிய வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். நனைந்த தானியத்திற்குரிய அந்நீதியே நனைந்த காருக்கும் உரியது. வாங்கும்போது அடிவரை கையை விடுவோம். விற்கும்போது அடியில் உள்ளதை மேலே வைப்போம். அப்படிச் செய்யும் வியாபாரியின் சொல்லை நாளை ஊர் சோதித்துப் பார்க்காமலே ஏற்றுக்கொள்ளும்.