ஆணா, பெண்ணா? மணலைக் கேளுங்கள்!

நம்ம சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டிப் போகும் வெள்ளாறு எங்கே போய்ச் சேருது? பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்குது. அங்கேதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. நம் கடலூர் மாவட்டக் கடற்கரைக்கு வருஷா வருஷம் தை மாதத்திலிருந்து ஒரு விருந்தாளி வரும். அதுதான் பங்குனி ஆமை. ஆலிவ் ரிட்லி என்றும் சொல்வார்கள். ராத்திரியில் கரையேறி, பின்னங்கால்களால் பானை மாதிரி குழி பறித்து, சுமார் 100 முட்டை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். அப்புறம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

முட்டையிடும்போது ஆமை அழும் என்று சொல்வாங்க. கண்ணீர் வருவது நிஜம், ஆனால் அது அழுகை இல்லை. கடலிலேயே வாழும் ஆமையின் உடம்பில் உப்பு சேர்ந்துவிடும். அவ்வளவு உப்பைச் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் உப்புச் சுரப்பிதான் அதை வெளியே தள்ளுது. இதை 1958-ல் விஞ்ஞானிகள் எழுதினார்கள்.

இதைவிடப் பெரிய அதிசயம் முட்டைக்குள் இருக்கு. XX என்றால் பெண், XY என்றால் ஆண் என்று உயிரியல் பாடத்தில் படிக்கிறோமே, அந்தக் கணக்கு கடல் ஆமையிடம் செல்லாது! முட்டை பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். அதன் நடுப்பகுதியில் மணல் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அதை வைத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது முடிவாகும். சுமார் 29, 30 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் ஆண் அதிகம், மேலே போனால் பெண் அதிகம். ஒரே தாய், ஒரே மாதிரி முட்டை, ஆனால் நிழலில் புதைத்தால் தம்பிகள், வெயிலில் புதைத்தால் தங்கைகள்!

கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கு. ஆனால் பூமி சூடாகிக்கொண்டே போனால்? ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டு வடபகுதியில் பிறந்த பச்சை ஆமைகளைச் சோதித்து 2018-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். இளம் ஆமைகளில் 100-க்கு 99 பெண்! நம்ம பக்கம் முட்டைகளை நாயும் காக்காவும் தின்னாமல் எடுத்துவந்து பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். சென்னையில் 1988 முதல் மாணவர்களே ஓர் அமைப்பாகச் சேர்ந்து இந்த வேலையைச் செய்கிறார்கள். மணல் அதிகம் சூடாகாமல் இருக்க மேலே நிழல் பந்தல் போடுவதும் உண்டு.

குஞ்சு வெளியே வந்ததும் வெளிச்சமான பக்கம் ஓடும். இருட்டில் கடல்தான் கொஞ்சம் பளபளப்பாகத் தெரியும். கரையோரம் தெருவிளக்கு எரிந்தால் பாவம், ரோட்டுப் பக்கம் போய்விடும். கடலுக்குள் போன பிறகு வழிகாட்ட பூமியின் காந்தப்புலம் உதவுகிறது. அமெரிக்காவில் கென்னத் லோமன் என்பவர் ஆமைக் குஞ்சுகளைத் தொட்டியில் நீந்தவிட்டு, சுற்றிலும் மின்கம்பிச் சுருள் வைத்துக் காந்தப்புலத்தை மாற்றினார். குஞ்சுகளும் திசை மாற்றி நீந்தின!

நம் நாட்டிலும் ஓர் ஆச்சரியம் நடந்தது. 2021-ல் ஒடிசாவின் கஹிர்மாதா கடற்கரையில் ஒரு பங்குனி ஆமைக்கு 03233 என்ற எண் தகடு மாட்டினார்கள். அதே ஆமை 2025 ஜனவரியில் மகாராஷ்டிராவின் குஹாகர் கரையில் முட்டையிட ஏறியது! இலங்கையைச் சுற்றி வந்திருந்தால் சுமார் 3,500 கிலோமீட்டர். கிழக்குக் கரை ஆமையும் மேற்குக் கரை ஆமையும் தனித்தனிக் கூட்டம் என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்தச் சின்னத் தகடு அதிர்ச்சி கொடுத்தது.

அதே ஜனவரியில் சென்னைப் பக்கக் கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்கு மீன் மாதிரி செவுள் கிடையாது, நம்மைப் போல நுரையீரல்தான். மேலே வந்து மூச்சுவிட்டே ஆகணும். இழுவலைக்குள் மாட்டிக்கொண்டால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். இதற்காகக் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஒரு கருவி செய்திருக்கிறது. வலைக்குள் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம், அதையொட்டி ஒரு திறப்பு. இறால் கம்பி இடுக்கில் நுழைந்து வலைக்குள் போய்விடும். ஆமை சட்டத்தில் முட்டித் திறப்பு வழியாக வெளியே வந்துவிடும். மீனும் கொஞ்சம் தப்பிப் போகுதே என்பதுதான் படகுக்காரர்களின் கவலை.