ஆங்கிலம் பழகுவோம்: காலமும் ஒப்பீடும்



போன மாதம் நம்ம வகுப்புத் தம்பி ஒருவர் வேலை நேர்காணலுக்குப் போய் வந்தார். வந்தவர் முகத்தில் களையே இல்லை. "என்னப்பா ஆச்சு?" என்றேன்.

"அண்ணே, ரெண்டு வருஷம் ஒர்க்‌ஷாப்ல வேலை செஞ்சேன்னு சொல்ல நினைச்சு, 'ஐ ஒர்க் இன் எ ஒர்க்‌ஷாப்'னு சொல்லிட்டேன். அவங்க, 'அப்போ எப்போ ராஜினாமா செய்வீங்க?'ன்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. முழிச்சேன்."

வேலை தெரியாமல் இல்லை. 'ஒர்க்ட்' என்பதில் ஓர் ஒலி குறைந்தது. அவ்வளவுதான்! அதனால் இந்த மாதம் இரண்டே பாடம்.

1. காலம்

மலாயில் வினைச்சொல் மாறாது. 'சாயா பெர்கி செமாலாம்', 'சாயா பெர்கி ஏசோக்' – நேற்றும் நாளையும் அதே 'பெர்கி'தான். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் 'ஐ கோ யெஸ்டர்டே' என்கிறோம். ஆனால் நம் தமிழில் போகிறேன், போனேன், போவேன் என்று வினை மாறும். அதனால் முதலில் தமிழில் நினைத்துப் பாருங்கள்.

செய்கிறேன் – ஐ ஒர்க்
செய்தேன் – ஐ ஒர்க்ட்
செய்வேன் – ஐ வில் ஒர்க்
செய்து வருகிறேன் – ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங்

'ஐ ஒர்க்ட் தேர் ஃபார் டூ இயர்ஸ்' என்றால் அந்த வேலை முடிந்துவிட்டது. 'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் தேர் ஃபார் டூ இயர்ஸ்' என்றால் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள். நேர்காணலில் இந்த வித்தியாசம் முக்கியம்.

இன்னும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்:

'டிட்' வந்துவிட்டால் வினை மாறக் கூடாது. 'டிட் யூ வென்ட்' தவறு. 'டிட் யூ கோ' சரி. இறந்த காலத்தை 'டிட்' ஏற்கனவே சொல்லிவிட்டது, இரண்டு தடவை வேண்டாம்.

அன்றாடச் செயலைச் சொல்லும்போது ஹி, ஷி, இட் வந்தால் வினையோடு 'ஸ்' சேரும். ஐ டேக், ஹி டேக்ஸ்.

2. ஒப்பீடு

தமிழில் 'விட' போதும், மலாயில் 'லெபே' போதும். ஆங்கிலத்தில் சொல்லே மாறும்.

கோலாலம்பூரையே பாருங்கள். கே.எல். கோபுரம் 421 மீட்டர். இரட்டைக் கோபுரம் 452 மீட்டர். மெர்டேக்கா 118 ஏறக்குறைய 679 மீட்டர். முதலாவது டால், இரண்டாவது டாலர், மூன்றாவது தி டாலஸ்ட்.

சின்னச் சொல்லுக்கு 'அர்', 'அஸ்ட்': ஸ்மால், ஸ்மாலர், ஸ்மாலஸ்ட். நீளமான சொல்லுக்கு 'மோர்', 'மோஸ்ட்': பியூட்டிஃபுல், மோர் பியூட்டிஃபுல், மோஸ்ட் பியூட்டிஃபுல். இரண்டையும் சேர்த்து 'மோர் டாலர்' என்று சொல்லாதீர்கள்!

குட், பெட்டர், பெஸ்ட். பேட், வோர்ஸ், வோர்ஸ்ட் – இவை தனி ரகம். மனப்பாடம்தான் வழி.

பயிற்சி

கோட்டுக்குப் பின்னால் உள்ள சொல்லைத் தேவைப்பட்டால் மாற்றி, இடத்தை நிரப்புங்கள்.

1. லாஸ்ட் நைட் வீ ____ டு தி டெம்பிள். – கோ
2. டுமாரோ ஷி ____ ஹெர் கிராண்ட்மதர். – கால்
3. எவ்ரி மார்னிங் மை பிரதர் ____ தி பஸ். – டேக்
4. டிட் யூ ____ யுவர் லைசென்ஸ்? – பிரிங்
5. திஸ் ரோட் இஸ் ____ தென் தட் ரோட். – பேட்
6. பத்துமலை முருகன் சிலை 42.7 மீட்டர். மெர்டேக்கா 118 இஸ் ____ தென் தி ஸ்டேச்சூ. – டால்

விடை: 1. வென்ட் 2. வில் கால் 3. டேக்ஸ் 4. பிரிங் 5. வோர்ஸ் 6. டாலர்

எழுதினால் மட்டும் போதாது. ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டு மூன்று தடவை சொல்லுங்கள். வீட்டில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். வீட்டில் தவறினால் திருத்திக்கொள்ளலாம், நேர்காணலில் தவறினால் வாய்ப்பே போய்விடும்.

அந்தத் தம்பிக்கு அடுத்த வாரம் இன்னொரு நேர்காணல். இப்போது தினமும் கண்ணாடி முன் நின்று 'ஐ ஒர்க்ட்' சொல்லிக்கொண்டிருக்கிறார். நீங்களும் தொடங்குங்கள்.