நாயின் முழங்கால் ஜவ்வு கிழிந்தால் எந்தச் சிகிச்சை?

ஆக்லாந்தின் குயீன் தெருவிலிருந்து ஆல்பர்ட் பூங்கா மேட்டுக்குத் தினமும் இழுத்துக்கொண்டு ஓடிய நாய், ஒரு நாள் பின்னங்காலின் விரல்நுனியை மட்டும் ஊன்றி நிற்கும். வழுக்கியிருக்கும், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைப்போம். சரியாகாது. பெரும்பாலும் முழங்கால் ஜவ்வு கிழிந்திருக்கும்.

மனிதருக்கு இந்த ஜவ்வு பெரும்பாலும் விளையாட்டில் திடீரெனக் கிழிகிறது. நாய்களில் பெரும்பாலும் மெல்ல நைந்து அறுகிறது. முழுதாக அறுவதற்கு முன்பே பல நாய்களின் மூட்டு உறையில் அழற்சி இருக்கும். நோய் எதிர்ப்பு அணுக்கள் அங்கே திரண்டு, நாரை அரிக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. நார் நைய நைய மூட்டு ஆடுகிறது. ஆட ஆட அழற்சி ஏறுகிறது. ஒரு கால் போன நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு ஓரிரு ஆண்டில் மறுகாலும் போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே ஆட்டத்தை நிறுத்துவது, அழற்சியை அடக்குவது என்ற இரண்டையும் சிகிச்சை செய்ய வேண்டும்.

முதலில் ஒரு சோதனை

ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டுகள் வீங்கி, காய்ச்சலும் இருந்தால் மூட்டு நீரை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உடலே தன் மூட்டுகளைத் தாக்கும் வேறு நோயாக இருக்கலாம். அதற்கு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துதான் வழி, அறுவை அல்ல.

அறுவை இல்லாமல்

சிறிய நாய்களுக்கு இது பல நேரம் போதும். எடைக் குறைப்பு, சில வாரம் கயிற்றோடு மட்டும் நடை, மருத்துவர் தரும் மெலாக்சிகாம் அல்லது கார்ப்ரோஃபென். எடை கூடிய பெரிய நாய்களை ஓராண்டு தொடர்ந்து பார்த்த 2013ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், அறுவையின்றி ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும் அறுவையோடு நான்கில் மூன்று பங்கும் நன்றாக இருந்தன. ஆனால் மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பும் கிழிந்திருந்தால் இந்த வழி போதாது.

மூட்டுக்கு வெளியே இழை

உறுதியான நைலான் இழையால் மூட்டைக் கட்டுவது. செலவு குறைவு. சிறிய, அமைதியான நாய்க்குப் பொருந்தும். பெரிய, துள்ளும் நாயில் இழை தளர்ந்துவிடலாம்.

டி.பி.எல்.ஓ.

கால்நடை அறுவை மருத்துவர் பார்க்லே ஸ்லோகம் 1993இல் வெளியிட்ட முறை. கீழ்க்கால் எலும்பை வெட்டித் திருப்பி, அதன் மேற்சரிவை ஏறக்குறைய 5 பாகைக்குக் கொண்டுவந்து தகட்டால் பிணைப்பார்கள். ஜவ்வு இல்லாமலே மூட்டு நிலைக்கும். லாப்ரடார், ராட்வைலர் போன்ற பெரிய நாய்க்கு நான் பரிந்துரைப்பது இதுதான். எலும்பு ஒன்றுசேர 8 முதல் 12 வாரம் ஆகும்.

மருந்தில் கவனம்

எதிர்ப்பாற்றல்தான் பிரச்சினை என்றால் ஸ்டீராய்டு போடலாமே என்று தோன்றும். அது ஆறுவதைத் தாமதப்படுத்தும், குருத்தெலும்பையும் கெடுக்கும். மெலாக்சிகாமோடு சேர்த்தால் குடலில் புண் வரலாம். வீட்டிலிருக்கும் ஐபுப்ரோஃபெனை ஒருபோதும் தராதீர்கள். அது நாய்க்கு நஞ்சு. நியூசிலாந்தின் பச்சை உதட்டுச் சிப்பிச் சாறு வலியைச் சற்றுத் தணிக்கலாம். ஆடும் மூட்டை நிறுத்தாது.

வீட்டையும் செலவையும் பாருங்கள்

மனிதரின் விபத்துக்கு உதவும் அரசின் ஏ.சி.சி. திட்டம் நாய்க்குக் கிடையாது. எக்ஸ்ரே, மறுபரிசோதனை உட்பட மொத்தச் செலவையும் எழுத்தில் கேளுங்கள். காப்பீடு இருந்தால் மறுகாலுக்கும் செல்லுமா என்று படித்துப் பாருங்கள். லிஃப்ட் இல்லாத மாடியில் இருந்தால் முதல் வாரங்களில் நாயைத் தூக்க ஆள் வேண்டும். மையர்ஸ் பூங்காவிலிருந்து கரங்காஹாப்பே சாலைக்கு ஏறும் படிகளைத் தவிர்த்து, வின்யார்ட் குவார்ட்டரின் சமதளத்தில் மெல்ல நடத்துங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் மூட்டுத் தேய்மானம் முழுதாக நிற்பதில்லை. அதனால் எடையைக் குறைப்பதை இன்றே தொடங்குங்கள். இரண்டு கால்களுக்கும் சேர்த்து உதவும் சிகிச்சை அதுதான்.